பைலுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு மரக்கட்டை: மெக்சிகோ நகரத்தை முன்வைத்து அடித்தளம் / மேற்கட்டுமானம் பற்றிச் சில குறிப்புகள்

'அடித்தளம் / மேற்கட்டுமானம்' என்கிற சொற்ஜோடிக்காகத் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் செலவழித்த காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதுவே ஒரு சின்னக் கட்டிடமாகிவிடும். கீழே பொருளாதாரம். மேலே சட்டம், அரசு, மதம், கலை, இலக்கியம். கீழே இருப்பதுதான் மேலே இருப்பதைத் தீர்மானிக்கிறது என்றது ஒரு தரப்பு. மேலே இருப்பதும் கீழே இருப்பதைத் திருப்பிப் பாதிக்கும், எங்கெல்ஸே 1890இல் யோசப் ப்ளோஹுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றது இன்னொரு தரப்பு. இது வெறும் இடம் சார்ந்த உருவகம், மேல்மாடிகள் அந்தரத்தில் நிற்காது என்பதற்கு மேல் இது எதையும் விளக்கவில்லை என்று அல்தூஸர் 1970இல் எழுதியது நமக்கு வந்து சேர்ந்தபோது சண்டையே பழசாகியிருந்தது. எல்லாம் சொல்லாடல்தான், எல்லாம் பிரதிதான் என்கிற குரல்கள் வந்துவிட்டன. சரி, இருக்கட்டும். இவ்வளவு பேச்சிலும், நாம் பேசிக்கொண்டிருப்பது ஒரு கட்டிடத்தைப் பற்றி என்பது யாருக்கும் உறைக்கவில்லை (இதில் நானும் அடக்கம்). "மேஸ்திரி, அஸ்திவாரமும் மேலே இருக்கிற கட்டிடமும் எப்படிச் சேருது?" என்று ஒருவரும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "அது எங்க சார் தானா சேருது? நாமதான் சேர்க்கணும்" என்றிருப்பார்.

இந்த 'நாமதான் சேர்க்கணும்' என்கிற இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மார்க்ஸ் 1859ஆம் ஆண்டு முன்னுரையில் பயன்படுத்திய ஜெர்மன் சொற்கள் 'பாஸிஸ்', 'யூபர்பாவ்'. இரண்டாவது சொல் சும்மா கற்பனையில் பிறந்ததல்ல. ஜெர்மன் பொறியாளர்கள் இன்றைக்கும் ஒரு பாலத்தில் தூண்களுக்கு மேலே உள்ள பகுதியை 'யூபர்பாவ்' என்றும், தூண்களையும் அதற்குக் கீழே உள்ளதையும் 'உன்ட்டர்பாவ்' என்றும்தான் அழைக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு சொல் உண்டு: 'லாகர்'. நம் ஊர் பாலங்களில் தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே கறுப்பு ரப்பர் அட்டையாகவோ இரும்பு உருளையாகவோ இருக்கிறதே, நம்மவர்கள் 'பேரிங்' என்கிறார்களே, அதுதான். வெயிலில் உத்தரம் நீளும், குளிரில் சுருங்கும். தூண் அதோடு சேர்ந்து நகராது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று வெடிக்கும். ஆகவே நடுவில் நகர்வதற்கென்றே ஒரு உறுப்பு. தத்துவம் கட்டிடக்கலையிடமிருந்து கீழே உள்ள சொல்லையும் மேலே உள்ள சொல்லையும் கடன் வாங்கிக்கொண்டது. நடுவிலுள்ள சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

கீழுள்ளதும் மேலுள்ளதும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது என்பது கட்டிடத் தொழிலில் விதிவிலக்கு அல்ல, அன்றாடம். எங்கள் வாடகை வீட்டில் பீரோவின் ஒரு காலுக்குக் கீழே மடித்த அட்டை இருந்தது. வீடு மாறியபோது அட்டை இன்னொரு காலுக்கு மாறியது. பீரோ அதேதான், தரைதான் வேறு. பெரிய அளவில் இதைச் செய்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவர் ஐஃபெல். 1887இல் பாரிஸில் அந்தக் கோபுரத்தின் நான்கு கால்களும் தனித்தனியாகச் சாய்ந்தபடி எழுந்தன. முதல் தளத்தில் வந்து சேர வேண்டும். ஆணி அடிக்கிற துளைகள் ஒன்றோடொன்று நேராக அமைய வேண்டுமானால் மில்லிமீட்டர் கணக்கில் சரி பார்க்க வேண்டும். ஆகவே கால்களின் அடியில் 800 டன் தூக்கக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிகள். மேலே சாரத்தில் மணல் நிரப்பிய பெட்டிகள். ஜாக்கி காலை உயர்த்தும், மணலைக் கொஞ்சம் வழியவிட்டால் கால் இறங்கும். அந்த டிசம்பரில் நான்கும் சேர்ந்தன. பிறகு ஆப்பு வைத்து இறுக்கியாயிற்று, ஜாக்கிகளை எடுத்தாயிற்று. பாரிஸின் மண் கெட்டியான மண். ஒரு தடவை சரிசெய்தால் போதும். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. 'அடித்தளம்' என்று நாம் சொல்லும்போது மனசில் இருப்பது இந்த மாதிரி மண்தான். அடித்தளம் என்றால் அசையாதது.

அசைகிற மண்ணில் என்ன நடக்கும்? அதற்கு மெக்சிகோ நகரத்துக்குப் போக வேண்டும்.

மெஷிகா மக்கள் (நாம் ஆஸ்தெக் என்று படித்தவர்கள்) 1325 வாக்கில் தெஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் தெனோச்தித்லான் நகரத்தை அமைத்தார்கள். ஏரியோடு வாழத் தெரிந்தவர்கள். கரைகள், அணைச்சுவர்கள், மிதப்பது போன்ற தோட்டப் பாத்திகள், வண்டிக்குப் பதில் படகு. 1521 ஆகஸ்டில் கோர்த்தேஸின் படையும், மெஷிகாக்களின் மேலாதிக்கத்தை வெறுத்து அவனோடு சேர்ந்த த்லாஸ்கலா மக்களின் பெரும்படையும் நகரத்தை அழித்தன. (இந்த இரண்டாவது படையைப் பழைய வரலாறுகள் ஓரத்தில்தான் வைத்திருந்தன.) வென்றவர்கள் தலைநகரை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. இடித்த கோயில்களின் கற்களைக் கொண்டே, அதே இடத்தில், தேவாலயம் கட்டினார்கள். அதிகாரத்துக்கு இது தேவை. தோற்றவனின் மையம் எதுவோ அதன் தலைமேல் நின்றால்தான் வெற்றி கண்ணுக்குத் தெரியும். பழைய தேவாலயம் போதாது என்று 1573இல் பெரிய பேராலயத்தைத் தொடங்கினார்கள். க்ளாவ்தியோ தே அர்சினியேகா வரைந்த திட்டம். முடிந்தது 1813இல். 240 ஆண்டுகள்.

அஸ்திவாரத்துக்கு ஆயிரக்கணக்கான குட்டையான மரமுளைகளைச் சேற்றில் அடித்து, அதன்மேல் ஒரு கனமான கல்மேடை போட்டார்கள். மேடை ஏறும்போதே சாய ஆரம்பித்தது. கட்டுகிறவர்கள் நிறுத்தவில்லை. இறங்குகிற பக்கம் மேடையைத் தடிப்பாக்கினார்கள், அந்தப் பக்கத்துத் தூண்களை நீளமாக்கினார்கள். மேலே விதானம் மட்டமாக வந்தது, கீழே எதுவும் மட்டமில்லை. சாய்வுக்குக் காரணம் களிமண் மட்டுமல்ல. பிரமிடு இருந்த இடங்களில், அதன் எடை பல தலைமுறைகளாக அழுத்திக் கீழிருந்த களிமண்ணின் தண்ணீரை ஏற்கெனவே பிழிந்துவிட்டிருந்தது. அங்கே மண் இறுகிப் போயிருந்தது. பக்கத்தில், கோயில் இல்லாத இடத்தில், மண் இளசாகவே இருந்தது. பேராலயம் பாதி அதன்மேலும் பாதி இதன்மேலும் உட்கார்ந்தது. அழித்துத் துடைத்துவிட்டதாக நினைத்த கோயில்கள் எங்கே இருந்தன என்பதைப் பேராலயத் தரையின் ஏற்ற இறக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. அடக்கப்பட்டது திரும்பி வரும் என்று ஃப்ராய்டைப் படித்தவர்கள் உடனே சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிரமிடு எங்கேயும் போகவில்லை, திரும்பி வருவதற்கு. அது கீழே சுமந்துகொண்டு இருந்தது.

இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எரிமலைச் சாம்பல் ஏரியில் படிந்து உண்டான களிமண். ஒரு பிடி அள்ளினால் அதில் திடப்பொருளின் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீரின் எடை. நகரத்தின் மையத்தில் இது சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. அதற்குக் கீழே சில மீட்டர் தடிப்பில் ஒரு கெட்டியான மணல் அடுக்கு, பிறகு மறுபடி களிமண், அதற்கும் கீழே தண்ணீர் ஊறிய மணலும் சரளையும். நகரத்துக்குக் குடிதண்ணீர் அந்தக் கடைசி அடுக்கிலிருந்து. ஏரியை ஸ்பானியர்கள் எதிரியாக நினைத்தார்கள். 1607இல் வெஹுவெதோகா பக்கம் வடிகால் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டியவர்கள் கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட பூர்வகுடிகள். ஆனாலும் 1629இல் வந்த வெள்ளம் 1634 வரை வடியவில்லை. நகரத்தையே கரைக்கு மாற்றிவிடலாமா என்று பேச்சு வந்தது. மாற்றவில்லை. 1900இல் போர்ஃபிரியோ தியாஸ் பெருங்கால்வாயைத் திறந்துவைத்தார். ஏரி ஏறக்குறைய ஒழிந்தது. பிறகு நூற்றுக்கணக்கான ஆழ்குழாய்க் கிணறுகள்.

நகரம் முழுசாக இறங்குகிறது என்பதை 1925இல் ரோபெர்த்தோ கயோல் என்கிற பொறியாளர் அளவெடுத்துச் சொன்னார். காரணம் வடிகால் என்று நினைத்தார். 1947இல் நபோர் கர்ரில்லோ உண்மையான காரணத்தை நிறுவினார். கிணறுகள். கீழிருந்து தண்ணீரை உறிஞ்சினால் களிமண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தம் குறையும். மேலே உள்ள எடையை மண்துகள்களே தாங்க வேண்டி வரும். மண் பிழிந்த துணி மாதிரி சுருங்கும். 1950 வாக்கில் சில இடங்கள் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பழைய மையம் இறங்கியது 7 மீட்டருக்கும் மேல், அதாவது இரண்டு மாடி.

நம் உருவகத்துக்கு இங்கேதான் முதல் அடி. கீழே உள்ளது மேலே உள்ளதைத் தாங்குகிறது, சரி. ஆனால் மேலே உள்ளது கீழே உள்ளதைக் குடிக்கிறது. குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கிற ஒவ்வொருவரும் தன் அஸ்திவாரத்தில் ஒரு துளியைப் பிடிக்கிறார். இதை 'பரஸ்பர வினை' என்று எங்கெல்ஸ் பாணியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. அடித்தளம் என்பது எப்போதும் கீழே, எப்போதும் முன்னால், எப்போதும் கெட்டியாக இருக்கிற ஒன்று என்கிற நம்பிக்கையே இங்கே ஆட்டம் காண்கிறது.

இந்த மண்ணில் கட்டுகிறவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன, இரண்டும் மோசம். ஒன்று, களிமண்மேல் நேராக உட்காருவது. 1904இல் தொடங்கி 1934இல் முடிந்த நுண்கலை மாளிகை, பளிங்கும் இரும்புமாக, தன் எடையிலேயே மீட்டர் கணக்கில் புதைந்தது. இன்னொன்று, பைல் இறக்கி அந்தக் கெட்டி அடுக்கின்மேல் நிற்பது. 1910இல் திறந்த சுதந்திரத் தூணுக்கு (உச்சியில் தங்கத் தேவதை நிற்கிற தூண்) முதலில் போட்ட அஸ்திவாரம் சாய்ந்துவிட்டதால் பிரித்து, பைல்மேல் மறுபடி கட்டினார்கள். தூண் நின்றது. ஊர் இறங்கியது. ஒன்பது படிகள் ஏறிப் போய்ப் பார்த்த தூணுக்கு இன்றைக்கு 23 படிகள். கூடுதலாகச் சேர்த்தவை 14. சுதந்திரம் ஊரைவிட்டு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று கேலி பேசத் தோன்றும். தூண் என்றால் படி கட்டிச் சமாளிக்கலாம். ஆறு மாடிக் குடியிருப்பு இப்படித் தெருவை விட்டு மேலே எழும்பினால்? நடைபாதை கிழிகிறது, சாக்கடைக் குழாய் முறிகிறது, பக்கத்து வீடு இந்தக் கட்டிடத்தைப் பார்த்துச் சாய்கிறது. அதோடு இறங்குகிற களிமண் பைலின் உடம்பைப் பிடித்துக் கீழே இழுக்கவும் செய்கிறது. தாங்க வேண்டிய மண்ணே சுமையாகிறது.

1940களின் பிற்பகுதியில் மானுவேல் கொன்சாலெஸ் ஃப்ளோரெஸ் என்ற பொறியாளர் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். ஸ்பானிய மொழியில் அதன் பெயருக்குக் 'கட்டுப்பாட்டுப் பைல்' என்று அர்த்தம். யோசனை இதுதான்: பைலையும் கட்டிடத்தையும் சேர்த்துக் கட்டாதே. அடித்தளப் பலகையில் (கான்கிரீட் ராஃப்ட்) ஒரு துளை விடு. பைல் அந்தத் துளை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு சும்மா நிற்கட்டும். பைலின் தலைக்கு மேலே குறுக்காக ஒரு இரும்பு உத்தரம், அதற்குப் 'பாலம்' என்று பெயர். பாலத்தின் இரண்டு முனைகளும் மரை போட்ட நீளமான போல்ட்டுகளால் பலகையோடு பிணைந்திருக்கும். பாலத்துக்கும் பைல் தலைக்கும் நடுவே சின்னச் சின்ன மரக்கட்டைகள், ஒவ்வொன்றும் சுமார் 5 சென்டிமீட்டர் கனசதுரம், இரும்புத் தகடுகளை நடுவில் வைத்து அடுக்கடுக்காக. 'கவோபிய்யா' என்கிற மரம், பெயருக்குச் 'சின்ன மகோகனி' என்று பொருள். பெரிய எஃகுக் கட்டுமானத்துக்கு நடுவே மரமா என்று கேட்கலாம். இந்த மரம் ஒரு குறிப்பிட்ட சுமை வரைக்கும் தாங்கும். அதைத் தாண்டினால் உடையாது, வெடிக்காது, மெதுவாக நசுங்கும். நசுங்கும்போதும் ஏறக்குறைய அதே சுமையைத் தாங்கிக்கொண்டே நசுங்கும். கட்டைகளை எண்ணி வைத்தால் அந்தப் பைல் எவ்வளவு சுமக்கும் என்பதை மனுஷன் தீர்மானிக்கலாம். மீதி எடையைக் களிமண் சுமக்கட்டும். ஊர் இறங்கும்போது கட்டை நசுங்கும், கட்டிடமும் கூடவே இறங்கும்.

கட்டை முழுக்க நசுங்கிவிட்டால்? அடிநிலத்தில் குனிந்து போகிற உயரத்துக்கு ஓர் அறை. அங்கே ஆள் இறங்கி, நட்டைத் தளர்த்தி, பாலத்தை உயர்த்தி, பழைய கட்டைகளை எடுத்துப் புதுசு வைத்து, மறுபடி நட்டை முடுக்க வேண்டும். போல்ட்டின் நீளம் தீர்ந்துவிட்டால் பைலின் தலையைச் சீவ வேண்டும். கட்டிடம் ஒரு பக்கம் சாய்ந்தால், உயர்ந்து நிற்கிற பக்கத்தில் பாலங்களைத் தளர்த்தி விட்டால் அந்தப் பக்கம் தானாக இறங்கி நேராகும். நூற்றுக்கணக்கான கட்டிடங்களில் இதைப் பொருத்தினார்கள். நான் இதன் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது வெகுநேரம் அந்த மரக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தளத்துக்கும் மேற்கட்டுமானத்துக்கும் நடுவே உள்ள உறவு என்ன என்று இத்தனை வருஷம் தேடியதற்கு, அளந்து நசுங்குகிற ஒரு மரத்துண்டு என்று யாரோ பதில் எழுதி வைத்திருந்தது போல இருந்தது. இந்த வரைபடத்தில் எது எதைத் தீர்மானிக்கிறது? பைலும் இல்லை, பலகையும் இல்லை. நட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதுதான். அதைத் தளர்த்துகிறவர் யார், எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வருகிறார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

இந்தக் கேள்விகள் காகிதத்தில் எழுதுவதற்கு நன்றாக இருக்கும். 1985 செப்டம்பர் 19 காலையில் அவை வேறு மாதிரி கேட்கப்பட்டன. நிலநடுக்கத்தின் மையம் பசிபிக் கரையில், சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி. ஆனால் ஏரிக் களிமண் அந்த அதிர்வைப் பெருக்கி, தொட்டில் ஆட்டுவது போல் சுமார் இரண்டு வினாடிக்கு ஓர் ஆட்டமாக ஆட்டியது. அந்த ஆட்டத்துக்கு ஒத்துப்போகிற உயரமுள்ள கட்டிடங்கள் விழுந்தன. த்லாதெலோல்கோ குடியிருப்பு, மாரியோ பானி வடிவமைத்து 1964இல் திறந்தது, நவீன மெக்சிகோவின் காட்சிப்பொருள். அங்கே நுவேவோ லெயோன் என்கிற நீண்ட கட்டிடம். மூன்று பகுதிகளில் இரண்டு சரிந்தன. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். கட்டிடம் சாய்ந்திருக்கிறது, அஸ்திவாரத்தைப் பாருங்கள் என்று குடியிருந்தவர்கள் அதற்கு முன்னாலேயே பல வருஷமாகப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1521இல் மெஷிகாக்களின் கடைசிப் போர் நடந்ததும், 1968 அக்டோபர் 2 அன்று மாணவர்களைச் சுட்டதும் அதே த்லாதெலோல்கோவில்தான். ஓர் இடத்தின்மேல் இத்தனை அடுக்குகள்.

கட்டுப்பாட்டுப் பைல்களின்மேல் இருந்த சில கட்டிடங்களும் அன்று மோசமாகப் பாதிக்கப்பட்டன. சிலவற்றில் அந்த இணைப்புகளே சேதமாகியிருந்தன. பாலம் மேலிருந்து அழுத்தத்தான் தெரிந்தது. கட்டிடம் பக்கவாட்டில் ஆடி ஒரு பக்கம் தூக்கும்போது பிடித்துக்கொள்ள அதற்குக் கை இல்லை. இது வடிவமைப்பில் இருந்த குறை. இன்னொன்று வடிவமைப்புக் குறை அல்ல: பல கட்டிடங்களில் பல வருஷமாக யாரும் கீழே இறங்கிப் பார்க்கவே இல்லை. கட்டைகள் நசுங்கித் தகடுகளாகிவிட்டால், 'சரிசெய்யக்கூடிய இணைப்பு' என்பது வெறும் இறுகிய இணைப்புதான். அதைவிட மோசம், ஏனென்றால் சரிசெய்யக்கூடியது என்கிற நம்பிக்கை மட்டும் மேலே மிச்சமிருக்கும். வீடுகளை விற்றபோது வாங்கியவர்களுக்குக் கீழே இப்படி ஒரு அறை இருப்பதும் அங்கே அவ்வப்போது ஆள் போக வேண்டும் என்பதும் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கும்? பராமரிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத வேலை. வீட்டில் அதைப் பெண்கள் செய்கிறார்கள், ஊரில் துப்புரவுப் பணியாளர்கள் செய்கிறார்கள். வரலாறு கட்டியவர்களின் பெயரை எழுதும், 1573, 1813 என்று ஆண்டு போடும். நட்டு முடுக்கியவருக்கு ஆண்டு கிடையாது.

பேராலயத்துக்குத் திரும்புவோம். 1970களில் அதற்கும் கட்டுப்பாட்டுப் பைல்களைப் பொருத்தினார்கள். அந்த எடைக்கு அவை போதவில்லை. 1989இல் பின்பக்கத்துக்கும் மேற்குக் கோபுரத்துக்கும் இடையே ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 2.4 மீட்டர். விரிசல் பெருத்தது. இந்த முறை பொறியாளர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். கட்டிடத்தைத் தூக்க வேண்டாம், மண்ணைச் சரிசெய்வோம். பீசாவின் சாய்ந்த கோபுரத்துக்காக 1962இல் பெர்னாந்தோ தெர்ராசினா சொன்ன யோசனை. பீசாவில் 1999க்குப் பிறகுதான் அதை நடைமுறைப்படுத்தினார்கள், மெக்சிகோவில் 1993லேயே. பேராலயத்திலும் பக்கத்து ஆலயத்திலுமாகக் கிணறு போல 32 குழிகளை இறக்கி, அவற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் குழாய்களைச் செலுத்தி, உயர்ந்து நின்ற பக்கத்தின் கீழிருந்து களிமண்ணைத் துளித்துளியாக உருவினார்கள். 1998 வரை. மொத்தம் 4,000 கனமீட்டருக்கு மேல். உருவிய இடம் மெதுவாக மூடிக்கொள்ள, மேலே கட்டிடம் இறங்கியது. முழுக்க மட்டமாக்குவது நோக்கமே இல்லை. சாய்வைக் குறைக்க வேண்டும், இனி இறங்கும்போது எல்லாப் பக்கமும் சேர்ந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். அதன்பின் இளகிய பகுதிகளில் சாந்தைச் செலுத்தி மண்ணைக் கொஞ்சம் இறுக்கினார்கள்.

குழி இறக்கும்போது என்ன வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெஷிகாக்களின் படிக்கட்டுகள், சுவர்கள். இந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் அதுதான். 1978 பிப்ரவரியில் மின்சாரத் தொழிலாளிகள் குழி வெட்டும்போதுதான் கொயொல்ஷௌகி தேவியின் துண்டாடப்பட்ட உடலைச் செதுக்கிய பெரிய வட்டக்கல் அகப்பட்டது. அதிலிருந்துதான் எதுவார்தோ மாத்தோஸ் மோக்தெசுமா தலைமையில் பெருங்கோயில் அகழாய்வு தொடங்கியது. 2015இல் பேராலயத்தின் பின்புறத் தெருவில் மண்டையோட்டு வரிசை மேடையைக் கண்டார்கள். ஒரு வகையில் தொல்லியலும் அஸ்திவாரப் பொறியியலும் இந்த ஊரில் ஒரே குழிக்குள்தான் வேலை செய்கின்றன. ஒன்று கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கிறது, இன்னொன்று அது மேலே உள்ளதை என்ன செய்கிறது என்று பார்க்கிறது.

சரிசெய்தல் என்றால் கேட்க நல்ல வார்த்தையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சரிசெய்தால் அந்தச் சரிவு எங்கே போகிறது? 1950களில் நகர மையத்தில் கிணறுகளை மூடினார்கள். மையம் இறங்கும் வேகம் குறைந்தது. கிணறுகள் தெற்கே ஷோசிமில்கோ பக்கமும் கிழக்கே சால்கோ பக்கமும் போயின. ஷோசிமில்கோவின் ஊற்றுகள் வற்றின. கிழக்கே ஏழைகள் குடியேறிய பகுதிகளில் இப்போது சில இடங்கள் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டருக்கு அருகில் இறங்குகின்றன. அங்கேதான் இஸ்தபலாபா போன்ற இடங்களில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்குக் கீழே பாலமும் இல்லை, மரக்கட்டையும் இல்லை. சுவர் வெடித்தால் சிமெண்டு பூசுவார்கள். நிலத்தடி நீர் போதாமல் நகரம் வெளியே கை நீட்டியது. 1951இல் லெர்மாவிலிருந்து தண்ணீர் வந்தது. அது வந்து சேரும் தொட்டியின் உள்ளே, தண்ணீருக்கு அடியில் இருக்கும்படியாக, தியேகோ ரிவேரா சுவரோவியம் வரைந்தார், சுரங்கம் வெட்டிய தொழிலாளிகளையும் சேர்த்து. (தண்ணீர் அந்த ஓவியத்தை அரித்தது. அப்புறம் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டி வந்தது.) 1982 முதல் குட்சமாலா திட்டம், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தண்ணீர் புறப்படுகிற இடத்தில் மஸாவா பூர்வகுடிகளின் ஊர்களில் குழாய் இல்லை. அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் 2003இல் அவர்களது பயிர்களை மூழ்கடித்தது. 2004இல் மஸாவா பெண்கள் தோளில் மரத் துப்பாக்கிகளைச் சாத்திக்கொண்டு சுத்திகரிப்பு நிலையத்தின் முன்னால் வந்து நின்றார்கள். இழப்பீடு கேட்டார்கள், தங்கள் ஊருக்குத் தண்ணீர் கேட்டார்கள், காட்டையும் நிலத்தையும் மீட்டுத் தரச் சொன்னார்கள். மெக்சிகோ நகரத்தின் அஸ்திவாரம் நகரத்துக்குக் கீழே மட்டும் இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. மலைகளைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் அது நீண்டு கிடக்கிறது.

நம் பழைய விவாதத்தில் 'இறுதியாக' என்கிற சொல்லுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. இறுதியாகத் தீர்மானிப்பது பொருளாதாரம். இறுதியாக எல்லாம் மாறும். இந்த ஊரின் பொறியாளர்களிடம் அந்தச் சொல்லே புழக்கத்தில் இல்லை. பேராலயத்தின் வேலையை முடித்தவர்கள் அது நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. ஊரோடு சேர்ந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கும், சாய்வு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். குவிமாடத்திலிருந்து ஒரு நீண்ட கம்பியில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கொத்தனார் சுவர் எழுப்பும்போது பிடிக்கிற அதே தூக்குக்குண்டு, அளவு மட்டும்தான் பெரிசு. அது தரையில் எந்தெந்த ஆண்டில் எங்கே நின்றது என்பதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பூசைக்கு வருகிறவர்கள் அந்தக் குறிகளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், சிலர் குனிந்து ஆண்டுகளைப் படிக்கிறார்கள்.